பர்கண்டி தெரு புளூஸ்

'பர்கண்டி தெரு புளூஸ்', கிளாரினெட் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் 1944இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தன் வீட்டிலேயே வாசித்துப் பதிவான இசைத்தட்டு. லாரன்ஸ் மரேரோவின் பாஞ்சோவும் அல்சிட் பவாஜோவின் பாஸும் மட்டுமே துணை.

1900இல் பிறந்த லூயிஸ், இசை வருமானம் போதாமல் துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். 1944இல் அங்கு நேர்ந்த விபத்தில் மார்பில் பலத்த காயம்பட்டு வீட்டில் கிடந்தார். நகரின் மூத்த கலைஞர்களைத் தேடிப் பதிவுசெய்துவந்த பில் ரஸ்ஸல், ஒலிப்பதிவுக் கருவியோடு அந்த வீட்டுக்கே வந்தார்.

டிக்ஸிலேண்ட் என்று உலகம் அழைக்கும் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அடிப்படையில் கூட்டிசை. ட்ரம்பெட் மெட்டைச் சொல்லும். டிராம்போன் கீழிருந்து வழுக்கி வந்து தாங்கும். கிளாரினெட் இரண்டுக்கும் மேலே இடைவிடாமல் பின்னிக்கொண்டு ஓடும். எல்லோரும் ஒரே நேரத்தில் கற்பனை செய்தாலும் ஒருவரையொருவர் இடிப்பதில்லை. லூயிஸ் இந்த மரபில் ஊறியவர். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. காதும் மூச்சுமே அவர் கல்வி. 1943இல் சக கலைஞர்கள் கிட் ஹோவர்ட், ஜிம் ராபின்சன் ஆகியோருடன் 'கிளைமாக்ஸ்' இசைத்தட்டு முத்திரைக்காகச் செய்த பதிவுகளில் அவர் குழுவின் தலைவர்தான். ஆனாலும் பெரும்பாலும் மற்றவர்களின் ஒலிக்குள் கலந்தே வாசிக்கிறார்.

அந்தப் பின்னல் இழை தனியாக நின்றால் எப்படி இருக்கும் என்பதற்கு 'பர்கண்டி தெரு புளூஸ்' விடை. புளூஸ் சுற்றை லூயிஸ் நிதானமாக எடுக்கிறார். புதிய மெட்டைத் தேடி அலைவதில்லை. சுரக்கோவையின் சுரங்களை மேலும் கீழுமாக உருட்டி, நீண்ட சுரங்களின் முனையில் மட்டும் அதிர்வைப் பெருக்குகிறார். கீழ்ஸ்தாயியில் ஒலியின் கனம் தெரிகிறது. மேலே ஏறும்போது குரல் மெலிந்தாலும் உடைவதில்லை. பாஞ்சோவின் சீரான தட்டு அசையாமல் நிற்பதால் அவரால் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து வாசிக்க முடிகிறது. அவருடைய திறமை விரல் வேகத்தில் இல்லை, இந்தச் சாய்வில்தான் இருக்கிறது. காயத்திலிருந்து மீளாத ஒருவரின் வாசிப்பு இது என்று சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அனுதாபம் கேட்கும் ஒரு சுரம்கூட இதில் கிடையாது.

பிறகு இதுவே அவருடைய அடையாளப் பாடலானது. 1950களிலும் 60களிலும் இங்கிலாந்து, ஜப்பான் மேடைகளில் ரசிகர்கள் இதைக் கேட்டு வாங்கினார்கள். பிந்தைய பதிவுகள் மெருகேறியவை. ஆனால் அடுத்த சுற்றில் என்ன வரும் என்ற ஆவல் 1944இன் தட்டில்தான் முழுமையாக இருக்கிறது. 1968இல் லூயிஸ் மறைவதற்கு முன்பே மான்ட்டி சன்ஷைன், ஆக்கர் பில்க் போன்ற பிரிட்டிஷ் கிளாரினெட் கலைஞர்கள் அவரைத் தங்கள் முன்னோடியாகக் கொண்டு புகழ்பெற்றிருந்தார்கள்.