அத்தை கொண்டுவந்த ஜெரேனியம்

ஊட்டி, குன்னூர் பக்கம் போனவங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. சின்ன வீடா இருந்தாலும் வாசல்லே வரிசையாத் தொட்டி, அதுலே சிவப்பு, ரோஸ், வெள்ளைன்னு கொத்துக்கொத்தாப் பூ. இலையைக் கசக்கினா தனி வாசனை. அதுதாங்க ஜெரேனியம்.

பேர்லேதான் குழப்பம். 1753-லே லின்னேயஸ் எல்லாத்தையும் ஜெரேனியம்னு ஒரே பேரினத்துலே போட்டுட்டார். 1789-லே லெரித்தியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் நம்ம தொட்டிச்செடி வகையைப் பிரிச்சு பெலார்கோனியம் ஆக்கினார். கிரேக்கத்துலே அது கொக்கு, இது நாரை! விதைக்காய் பறவை மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அதான். ஆனா யார் கேட்டா? இன்னிக்கும் ஜெரேனியம்தான் :-)

மாமா தவறின பிறகு, போன வருஷம் அத்தை குன்னூர் வீட்டைக் காலி பண்ணிட்டு கோவைக்கு எங்ககூட வந்தாங்க. ரெண்டு பெட்டி, ஒரு சிவப்பு ஜெரேனியம். மாமா வச்ச செடி. எனக்கு வயித்துலே புளியைக் கரைச்சது. இந்த வெயில்லே இது பிழைக்கணுமே!

பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. வெயில் வேணும், ஆனா புழுக்கம் ஆகாது. கிழக்குப் பால்கனியிலே காலை வெயில் மட்டும் படறாப்பல வச்சோம். மண்தொட்டி, செம்மண்ணோட மணலும் மக்கின எருவும். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ஞ்சிருந்தாத்தான் தண்ணி, அதுவும் வேர்லே. வாடின பூவைக் காம்போட கிள்ளிடணும். (பூனை, நாய் இருக்கற வீடுன்னா எட்டாத இடத்துலே வைங்க, தின்னா வாந்திதான்.)

டிசம்பர்லே அத்தை நாலு விரல் நீளத்துக்கு, கணுவுக்குக் கீழே ஆறு துண்டு வெட்டினாங்க. வெட்டுவாய் காயட்டும்னு நிழல்லே அரைநாள் போட்டுட்டு மணல்லே நட்டாங்க. கவரெல்லாம் போட்டு மூடக்கூடாதாம், அழுகிடுமாம். நாலு வேர் பிடிச்சது.

ஏப்ரல், மே ரெண்டு மாசமும் தாய்ச்செடியிலே ஒரு பூ இல்லை. ஜூலை சாரல்லே அடித்தண்டு கறுத்து, மூணே நாள்லே சாய்ஞ்சிருச்சு. அத்தை அன்னிக்கு சரியாவே சாப்பிடலை.

"துண்டு வெட்டி வச்சது குட்டியில்லை அத்தை, அதே செடிதான்"னு மெதுவாச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா கண்ணு? அங்கேயும் மழைக்கு அழுகும். அவர் வருஷா வருஷம் வெட்டி வச்சுக்கிட்டேதான் இருந்தார். நான் பார்த்ததே எத்தனையாவது செடியோ!"

அக்டோபர்லே ரெண்டு தொட்டியிலே பூ வந்துச்சு. அதே சிவப்பு. பக்கத்து வீட்டுக்கு ஒண்ணு தரலாமான்னு கேட்டேன்.

"டிசம்பர் வரட்டும், வெட்டித் தரேன்"னு சொல்லியிருக்காங்க. பெரிய கத்தரியைக் கேட்டு வாங்கி வச்சாச்சு.