பொய்ப் பற்று

தமிழில் அச்சான முதல் சில புத்தகங்களில் ஒன்று எதைப் பற்றியது தெரியுமா? பாவசங்கீர்த்தனம்! போர்ச்சுகல் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் முத்துக்குளித்துறை மக்களுக்காகக் கொண்டுவந்த ‘கொம்பெசியொனாயரு’, 1580-ல் கொச்சியில் அச்சானது. திருக்குறள் அச்சேறியதே 1812-ல்தான். செய்த தப்பை ஒப்புக்கொள்ள அவ்வளவு முன்னாலேயே வழிகாட்டி வந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வருவதில்லை. எனக்கு இருபத்தைந்து வருஷம் வரவில்லை.

1998. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில், ஒரு பட்டு முதலாளியிடம் சாயங்காலங்களில் கணக்கு எழுதினேன். பி.காம். மாணவன், கைச்செலவுக்கு ஆகும். ஒருநாள் கல்லாவிலிருந்து 300 ரூபாய் எடுத்தேன். பரீட்சை ஃபீஸுக்கு என்று சொல்ல ஆசைதான். சினிமாவும் பிரியாணியும்! கணக்கு இடிக்கக் கூடாதே? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நெசவாளியின் பக்கத்தில் ‘முன்பணம் 300’ என்று பற்று எழுதினேன். அவர் மனைவியோடு கூலி வாங்க வந்தபோது அது பிடித்தம் ஆனது. “நான் வாங்கலீங்களே...” என்றார். “நோட்டுல இருக்கே” என்றார் முதலாளி. நான் தலை நிமிரவில்லை. கணக்கு டேலி ஆகிவிட்டது.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நான். பாவசங்கீர்த்தனத்தில் கோபம், சோம்பல் என்று சில்லறைகளை மட்டும் கொட்டிவிட்டு எழுந்து வருவேன். பெரிய நோட்டு உள்ளேயே இருக்கும்.

2023 தவக்காலத்தில் ஒருநாள், என் பர்ஸிலிருந்து நூறு ரூபாய் எடுத்த மகனை அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் போய்ச் சொல்லிவிட்டேன். வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் திட்டவில்லை. பாவமன்னிப்பு கொடுத்தார். கூடவே கேட்டார்: “அவர் காசு இன்னும் உங்ககிட்டதானே இருக்கு?”

பைபிளில் சக்கேயு என்று ஒரு வரி வசூலிப்பவன். ஏமாற்றியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்றவன். நானும் 1,200 ரூபாயோடு பஸ் ஏறினேன். பெருமாளும் திருமழிசை ஆழ்வாரும் ஓரிரவு தங்கியதால்தான் அந்த ஊர் ஓரிக்கை ஆனது என்பார்கள். என் பொய் அங்கே கால் நூற்றாண்டு தங்கியிருந்தது.

பெரியவர் இருந்தார். கண் மங்கி, தறியை விட்டு ரொம்ப நாளாகிறதாம். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“நான் குடிச்சி அழிச்சிட்டேன்னு நெனச்சிக்கினே போய்ட்டா, தம்பி.”

சுவரில் மாலை போட்ட படம்.

“என்னாண்ட சொல்லி என்னா ஆவும்? அவளாண்ட சொல்லு.”

படத்துக்கு முன்னால் நின்று மறுபடி சொன்னேன். சர்ச்சில் வராத அழுகை அங்கே வந்தது. பணத்தில் 300 மட்டும் தடவி எண்ணி எடுத்துக்கொண்டார். மிச்சத்தை என் கையிலேயே வைத்தார். “புடிச்சது இவ்ளோதானே?”

கடவுள் மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன். அந்த அம்மாவின் கணக்கை மட்டும் இனி யாரும் நேர் செய்ய முடியாது. ஆனால், அதை ஒளித்துவைக்கும் வேலை இனி எனக்கு இல்லை. விடுதலை என்று நான் கண்டது அதைத்தான்.

மகனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். யோசித்துவிட்டுக் கேட்டான்: “அப்போ நான் நானூறு தரணுமாப்பா?”