போடி: கூரை மட்டும் பழுது பார்க்கப்படும் ஊர்

போடி என்றதும் ஏலக்காய் வாசனையோடு போடிநாயக்கனூர் நினைவுக்கு வந்தால்... அது வேறு, இது வேறு! இந்த போடி இருப்பது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடருக்குக் கிழக்கே, சுமார் 8,400 அடி உயரத்தில். மாநில அரசின் வரலாற்றுப் பூங்கா. பூங்கா என்றதும் புல்வெளி, ஊஞ்சல், ஐஸ்க்ரீம் வண்டி என்று கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாற்றம்தான். அங்கே இருப்பது ஒரு செத்துப்போன ஊர்.

395ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு கிளைச்சாலையில் 13 மைல் போக வேண்டும். கடைசி 3 மைல் வெறும் மண் ரோடு. தார் போட முடியாமல் இல்லை. வருகிறவர்களை அந்தக் குலுக்கலே நூறு வருஷம் பின்னுக்குக் கொண்டுபோய்விடுகிறது. பனிக்காலத்தில் கார் போகாது. பனிச்சறுக்குக் கட்டையோ பனியில் ஓடும் வண்டியோ வேண்டும். அங்கே போனால் டீக்கடை கிடையாது, பெட்ரோல் பங்க் கிடையாது. மரம்கூட அனேகமாகக் கிடையாது. பழுப்பு நிறக் குன்றுகளுக்கு நடுவே வெயிலில் கறுத்த மர வீடுகள், காற்று... அவ்வளவுதான்.

கதை 1859இல் தொடங்குகிறது. நியூயார்க் பக்கத்திலிருந்து தங்கம் தேடி வந்த போடி என்பவர் இங்கே தங்கத்தைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு பனிக்காலத்தில், சாமான் வாங்கப் போய்த் திரும்பும் வழியில் பனிப்புயலில் மாட்டி இறந்துபோனார். ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள், அதுவும் எழுத்துப் பிழையோடு! அவருடைய முதல் பெயர் என்ன என்பதிலேயே இன்றுவரை குழப்பம். கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் ஊர் தூங்கி வழிந்தது. 1875 வாக்கில் ஒரு சுரங்கத்தில் மண் சரிந்தது. சரிந்த இடத்தில் பளபளவென்று நல்ல தாது! 1877இல் சான் பிரான்சிஸ்கோ முதலீட்டாளர்கள் அதை வாங்கி ஸ்டாண்டர்ட் கம்பெனியைத் தொடங்கினார்கள். செய்தி பரவியதும் கூட்டம் மலையேறியது. 1880ஐ ஒட்டிய உச்சத்தில் 7,000 முதல் 10,000 பேர் வரை இருந்ததாக ஒரு கணக்கு. இல்லை, அதைவிடக் குறைவு என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. சுமார் 2,000 கட்டடங்கள், தெருவெல்லாம் சாராயக் கடைகள், சூதாட்டம், துப்பாக்கிச் சண்டை. போடிக்குக் குடிபோகும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி இரவுப் பிரார்த்தனையில் கடவுளிடமே விடைபெற்றுக்கொண்டாள் என்று அக்கம்பக்கத்து ஊர்கள் கிண்டல் செய்தன. ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? அவள் சொன்னதில் நிறுத்தக்குறி இடம் மாறிவிட்டது, போடிக்குப் போகிற சந்தோஷத்தில்தான் அவள் கடவுளைக் கூப்பிட்டாள் என்று பதில் எழுதினார்கள்.

வணிகவியல் புத்தகத்தில் ஊக வணிகம் என்று ஒரு பாடம் வரும். அதற்கு போடியைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஒரு கம்பெனிக்குத் தங்கம் கிடைத்ததும் சுற்றிலும் பல கம்பெனிகள் முளைத்தன. அவற்றின் ஷேர்களை சான் பிரான்சிஸ்கோ பங்குச் சந்தையில், சுரங்கத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் வாங்கி விற்றார்கள். கூத்து என்னவென்றால், அந்தக் காலத்தில் சுரங்கக் கம்பெனிகள் பங்குதாரருக்கு லாபம் கொடுப்பதற்குப் பதிலாக, தோண்டும் செலவுக்கு மேலும் பணம் கட்டு என்று அவரிடமே கேட்கலாம். கட்டாவிட்டால் ஷேர் போச்சு! உண்மையில் லாபம் கண்ட கம்பெனிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. 1881இலிருந்தே சரிவு தெரிந்தது. வேறு ஊர்களில் தங்கம், வெள்ளி, செம்பு என்று கேள்விப்பட்டதும் வந்த வேகத்திலேயே கூட்டம் கலைந்தது.

ஆனாலும் ஊர் உடனே சாகவில்லை. 1890களில் சயனைடு முறை வந்தது. முன்பு கழிவு என்று கொட்டிய மண்ணிலிருந்தே மறுபடி தங்கம் எடுத்தார்கள். சுமார் 13 மைல் தள்ளி ஓடும் ஓடையில் மின்சாரம் தயாரித்து, கம்பி வழியாக ஆலைக்குக் கொண்டுவந்தார்கள். வளைவில் மின்சாரம் கம்பியை விட்டு வெளியே குதித்துவிடுமோ என்று பயந்து, கம்பியை நேர்கோட்டிலேயே இழுத்ததாக ஒரு கதை உண்டு!

1892இலும் 1932இலும் பெரிய தீ விபத்துகள். இரண்டாவதில் ஊரின் பெரும்பகுதி சாம்பல். தீக்குச்சியோடு விளையாடிய ஒரு சிறுவன்தான் காரணம் என்கிறார்கள். 1942இல், போர்க்காலத்துக்குத் தங்கச் சுரங்கம் அவசியமில்லை என்று அரசே மூடச் சொன்னது. தபால் நிலையமும் அதே ஆண்டு மூடியது. 1962இல் மாநில அரசு அதைப் பூங்காவாக ஏற்றுக்கொண்டது.

இன்று மிச்சம் இருப்பவை நூற்றுச் சொச்சம் கட்டடங்கள். அவற்றைப் புதுப்பிப்பதில்லை. இடியவும் விடுவதில்லை. கூரை ஒழுகினால் அடைப்பார்கள், சுவர் சாய்ந்தால் முட்டுக் கொடுப்பார்கள், பெயின்ட் அடிக்க மாட்டார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் கடை அலமாரியில் டப்பாக்கள், பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள், வீட்டில் தூசி படிந்த மேஜை. மாதா கோயிலில் பத்துக் கட்டளைகள் எழுதிய திரை ஒன்று தொங்கிக்கொண்டிருந்ததாம். திருடாதே என்பதும் அதில் இருந்திருக்கும். அதையே யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்!

இங்கிருந்து எதை எடுத்துப் போனாலும் சாபம் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. திருட்டைத் தடுக்கக் காவலர்களே கட்டிவிட்ட கதை என்பாரும் உண்டு. ஆனால் ஆணி, கண்ணாடித் துண்டு, கூழாங்கல் என்று எடுத்துப் போனவர்கள் மன்னிப்புக் கடிதத்தோடு பார்சலில் திருப்பி அனுப்புவது நிஜம்.

சாபத்தைவிட யோசிக்க வைப்பது கல்லறைத் தோட்டம். கௌரவமானவர்கள் வேலிக்கு உள்ளே. சமூகம் ஒதுக்கிவைத்தவர்கள் வேலிக்கு வெளியே. விறகும் காய்கறியும் விற்று, துணி வெளுத்து ஊரை ஓட்டிய சீனர்களின் தெரு இன்று கிட்டத்தட்ட வெற்றிடம். தங்கம் வருவதற்கு முன்பே மோனோ ஏரிப் பக்கம் வாழ்ந்த பையூட் மக்களுக்கு இந்தக் குன்றுகள் வேட்டைக்கும் உணவுக்குமான நிலம். லாபக் கணக்கில் இவர்கள் யாருக்கும் வரி ஒதுக்கப்படவில்லை.

கணக்கு இன்னும் முடியவில்லை. 1980களின் கடைசியில் ஒரு கம்பெனி பக்கத்திலேயே மறுபடி தங்கம் தேட வந்தது. பூங்காவின் தலைமாட்டிலேயே மலையை வெட்டிவிடுவார்களோ என்ற பயம் வந்தது. எதிர்ப்பு எழுந்து, 1994இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கைக் காக்கத் தனிச்சட்டம் போட்டது. அதைத் தாண்டிய குன்றுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அந்தக் குன்றுகளைப் பார்க்கும் கண்களும் கூடத்தான் செய்யும்.

எடுத்த தங்கமெல்லாம் எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டது. போட்டுவிட்டுப் போன செருப்பையும் தட்டையும் பார்க்கத்தான் இன்று ஜனங்கள் காசு கொடுத்து, மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வருகிறார்கள். தேய்மானத்தைக் கழித்தால் சொத்தின் மதிப்பு குறையும் என்பது கணக்குப் பதிவியல். போடியில் தேய்மானம்தான் சொத்தே!