தங்கை போட்ட கணக்கு

"ஜாஸ்தி சம்பளம் வர்ற இடத்தை விட்டுட்டு கம்மிச் சம்பளத்துக்குப் போறேங்கிறியே, உனக்கென்னடி பைத்தியமா?" என்று என் தங்கையைக் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

பெரிய ஜவுளிக் கடை ஒன்றில் ஏழு வருஷமாகப் புடவைப் பிரிவில் இருக்கிறாள். இப்போது வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு தையல் கூடத்தில் சேரப் போகிறாளாம். மாதம் மூவாயிரம் ரூபாய் குறைவு. கேஸுக்கும் பாலுக்கும் ஆகிற பணம் ஆயிற்றே!

அவள் பதில் பேசாமல் புடவையைச் சற்றே தூக்கிக் காட்டினாள். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன. மணிக்கணக்கில் நிற்பதால் ரத்தம் மேலே ஏறாமல் காலிலேயே தேங்கி, நாளங்கள் வீங்கிவிடுகின்றனவாம். இரண்டு பிரசவம் வேறு. படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கச் சொன்னாராம் டாக்டர். அவள் படுப்பதே பதினோரு மணிக்கு!

"உட்கார இடம் தரணும்னு சட்டமே வந்திருக்கே?" என்றேன். 2021-ல் தமிழ்நாட்டில் அப்படித் திருத்தம் செய்தார்கள். கேரளத்தில் அதற்கும் முன்பே, 2018-ல்.

"ஸ்டூல் இருக்குக்கா. உட்கார்ந்தா சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்ப்பார் பாரு, அதுக்கு நிக்கிறதே மேல்."

பிறகு இருவரும் காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை, காலையில் செலவில்லை. ஆனால் ராத்திரி கடை சாத்தின பிறகு அந்த பஸ் எங்கே வருகிறது? ஷேர் ஆட்டோதான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குக் கொஞ்சம், மாத்திரை, காலுறை... பாதிக்கு மேல் இதிலேயே போயிற்று.

"மீதிக்கு?" என்றேன், விடாமல்.

"சின்னவ தூங்கறதுக்கு முன்னாடி நான் வீட்டுல இருப்பேன்கா."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. நானும் ஒரு காலத்தில் சத்துணவுக் கூட வேலைக்கு மனுப் போட்டவள்தான். அன்றைக்குச் சம்பளம் எவ்வளவென்று நான் கேட்கவே இல்லை. பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றுதான் கேட்டேன். அது எப்படி மறந்ததோ!

தையலிலும் குனிந்தபடியே உட்கார்ந்தால் முதுகு போய்விடும், நடுநடுவே எழுந்து நாலு அடி நட என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லையாம், பயம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காலண்டர் தாளோடு நானே போய்ப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.