பெட்டிக்குள் இரு நிலவு

ஆவடியில் நாம் குடியிருக்கும் தெருவில் பொழுது விடிவதைக் கோழி அறிவிப்பதில்லை; தொலைக்காட்சியின் ராசிபலன் அறிவிக்கிறது! மேடத்திற்கு வரவு, இடபத்திற்குச் செலவு, கன்னிக்குக் கலகம் என்று வீட்டுக்கு வீடு ஒலிக்கும். அதைக் கேட்ட பின்னர்தான் காப்பி. அதன் பின்னர்தான் வேலைக்குப் புறப்பாடு.

நமக்கோ வேறொரு நிலையத்தின்மீது தீராத பற்று. 2019 ஆகஸ்டு 26 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியே அது. பற்றுக்குக் காரணம் உண்டு. 2020-இல் பெருந்தொற்று பள்ளிக் கதவுகளைச் சாத்தியபோது நாம் கல்லூரி மாணவியாய் இருந்தோம். அடுத்த வீட்டில் அக்காளும் தம்பியுமாய் இரு பிள்ளைகள். வீட்டுக்கே கைப்பேசி ஒன்று. ஊரடங்கு தளர்ந்ததும் அதுவும் தந்தையோடு அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் போய்விடும். பெட்டி மட்டும் வீட்டிலேயே இருந்தது. அந்தப் பெட்டியில் ஆசிரியர் வந்தார், கரும்பலகை வந்தது, பாடம் வந்தது. சிறுமி ஏட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். ஏழை வீட்டுக்கு நடந்து வந்த பள்ளிக்கூடம் அது என்று அன்று எண்ணினோம். இன்றும் அப்படியே எண்ணுகிறோம்.

ஆயினும் அன்புக்குரியதிடம்தானே குறை சொல்ல முடியும்? சென்ற ஆண்டு நடந்ததைக் கேளுங்கள்.

நம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பேச்சுப் போட்டிக்கு ஆயத்தம் செய்திருந்தோம். தலைப்பு, பெண் கல்வி. மூன்று வாரப் பயிற்சி. மணி போன்ற குரல். போட்டி நாளன்று அவள் வரவில்லை. மறுநாள் தலை குனிந்து நின்றாள். "எனக்குச் சந்திராஷ்டமம்னு டி.வி.யில சொன்னாங்களாம் டீச்சர். வெளியே போய்ப் பேச வேண்டாம்னு ஆயா நிறுத்திட்டாங்க."

பெண் கல்வி பற்றிப் பேச வேண்டிய பெண்ணின் வாயை நிலவு அடைத்துவிட்டது!

நாம் வரலாறு படித்தவர். வானநூல் வல்லுநர் அல்லர். எனினும் வகுத்தல் தெரியும். அன்றே வகுப்பில் கணக்குப் போட்டோம். நிலவு வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ இருபத்தேழே கால் நாள். வானத்தை 12 ராசிகளாகப் பிரித்தால், ஒரு ராசியைக் கடக்க இரண்டேகால் நாள். பிறந்த ராசிக்கு எட்டாம் ராசியில் நிலவு நிற்பதே சந்திராஷ்டமமாம். அப்படியானால் ஆண்டியோ அரசனோ, எவருக்கும் ஆண்டுக்கு 30 நாள் ஆகாத நாளே! 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 லட்சம். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு 60 லட்சம். நாள்தோறும் 60 லட்சம் பேர் வீட்டில் முடங்கினால் ரயிலை ஓட்டுவது யார்? பிள்ளைப்பேறு பார்ப்பது யார்? வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். போன வாய்ப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்குச் சென்றோம். அதே கணக்கை ஆயாவிடமும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்றது சரியாத்தான்மா இருக்கு. ஆனா அந்தப் பெட்டியில யாரும் இப்படிச் சொல்லலையே!" என்றார்.

நமக்கு விடை கிடைக்கவில்லை. 2023 ஆகஸ்டு 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியதை இதே பெட்டிதான் காட்டிற்று. திட்ட இயக்குநர் விழுப்புரத்துத் தமிழர் வீரமுத்துவேல் என்று தெருவே பெருமை கொண்டாடியது. மறுநாள் விடிந்தது, அதே நிலவு அதே பெட்டியில் மீண்டும் எட்டாம் வீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது!

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51-அ பிரிவு கூறுகிறது. 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட கடமை அது. குடிமகனுக்கே கடமையானால், மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிலையத்திற்கு இல்லையா? எனவே நம் அன்பு நிலையத்திடம் நாம் கேட்பது ஒன்றே. பிள்ளைக்குப் பாடம் சொல்வது போதாது, வீட்டுக்கும் சொல்லுக! ராசிபலன் ஒலிக்கும் அதே காலை வேளையில் ஐந்தே நிமிடம், இன்று நிலவு எங்கே, கிரகணம் எப்படி, மழை எதனால் என்று எளிய தமிழில், பாட்டிக்கும் புரியும்படி சொல்லுக!

இளைஞர்களே! இதை வேண்டி மடல் எழுதுங்கள். அதுவரை அந்த ஐந்து நிமிடத்தை உங்கள் வீட்டில் நீங்களே நடத்துங்கள். ஏளனம் வேண்டாம்; கணக்கு போதும். அந்த ஆயா அறிவிலி அல்லர். விடியற்காலையில் அவரோடு பேச ராசிபலன்காரர் வந்தார், நாம் போகவில்லை. பிழை யாருடையது?