ஆல்ட்டரேஷன் செய்து தரப்படும்

ஒரு ஆளுக்குத் தேவையானதைவிட என்னிடம் கொஞ்சம் அதிகமாகவே தோல் இருக்கிறது. இது ஏதோ கவிதை என்று நினைத்து விடாதீர்கள் ஸார், நிஜமாகவே இருக்கிறது. வயிற்றில் பெரிதாக ஒரு மடிப்பு. நெஞ்சில் இரண்டு. யாருக்காவது டாட்டா காட்டினால், கை நின்ற பிறகும் புஜத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் டாட்டா தொடரும். 124 கிலோ இருந்த ஆசாமி 78-க்கு வந்தால் இப்படித்தான். சரக்கு போய்விட்டது, சாக்கு மிச்சம்.

"எப்படிக் குறைச்சீங்க?" என்று ஆவலாகக் கேட்பவர்களுக்கு ஒரு ஏமாற்றம். ரகசியம் எதுவும் கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் முறைத்தார். காலை நாலரை மணிக்கு எழுந்து சின்னாளப்பட்டியிலிருந்து காந்திகிராமம் வழியாக அம்பாத்துரை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய்த் திரும்பினேன். ராத்திரி புரோட்டாவை விட்டேன். இரண்டு வருஷம், மூணு மாசம். அவ்வளவுதான். இதற்கு மேல் எழுதினால் டயட் கட்டுரையாகிவிடும். அது வேறு ஒருவரின் பிழைப்பு.

நம்ம ஊர்களில் ஒரு விசேஷம். குண்டாக இருந்தால் கிண்டல் பண்ணுவார்கள், இளைத்தால் துக்கம் விசாரிப்பார்கள். "என்ன தம்பி, சுகரா?" என்பது முதல் கேள்வி. கொஞ்சம் நெருங்கியவர்கள் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்பார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுவானாலும் மதுரைக்குப் போய்க் காட்டிருப்பா" என்று கண் கலங்கிவிட்டார். அவருக்காகவாவது ஏதாவது வியாதி இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

பேண்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை டெய்லர் அண்ணனிடம் போனேன். ஏழு பேண்ட். இடுப்பில் டேப்பை வைத்துப் பார்த்தவர், சட்டைக்குள் கொத்தாக இருந்ததையும் பார்த்துவிட்டார். "பேண்ட்டை நான் பிடிச்சுத் தந்துருவேன் தம்பி. உங்களை யாரு பிடிச்சுத் தர்றது?" என்றார்.

அவர் விளையாட்டாகக் கேட்டார். நான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் தோல் ஏன் சுருங்கவில்லை என்கிற விஷயம். தோலுக்குள் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை இழைகள் இருக்கின்றன. கொலாஜன் பலத்துக்கு, எலாஸ்டின் இழுத்தால் திரும்புவதற்கு. பாவும் ஊடையும் மாதிரி. நெசவு ஊர்க்காரனுக்கு இது சட்டென்று புரிந்தது. பல வருஷம் இழுத்தே வைத்திருந்தால் இந்த இழைகள் நைந்துவிடும். பழைய ஜட்டி எலாஸ்டிக் என்ன கதியோ, அதே கதி. வயசு குறைவாக இருந்து, கொஞ்சமாகக் குறைத்து, சிகரெட் பழக்கமும் இல்லாவிட்டால் ஓரளவு திரும்பும். நாற்பது, ஐம்பது கிலோ குறைத்தவனுக்கு முழுசாகத் திரும்பாது.

அப்படியானால் எண்ணெய்? தேய்க்கலாம், தோல் மினுமினுப்பாகத் தொங்கும். உடற்பயிற்சி? உள்ளே இருக்கிற தசை பெருக்கும், கொஞ்சம் நிரவும். மேலே இருக்கிற உறையைச் சின்னதாக்காது. "பதினைந்தே நாளில் இறுக்கம்" என்று விற்கிற க்ரீம்களில் இறுகுவது நம் பர்ஸ் மட்டும்.

மிச்சமிருப்பது கத்தி. டாக்டர்கள் இதற்கு பாடி கான்டூரிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஆல்ட்டரேஷன் என்றே சொல்லலாம். நூறு வருஷத்துக்கு மேலான சமாசாரம் இது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர் ஹோவர்ட் கெல்லி, தொங்கும் வயிற்றை வெட்டியெடுத்த ஆபரேஷனை 1899-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

மதுரையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். மனிதர் என்னைப் படுக்க வைப்பார் என்று பார்த்தால், நிற்க வைத்து மார்க்கர் பேனாவால் உடம்பில் கோடு போட்டுக் காட்டினார். படுத்தால் தோல் பக்கவாட்டில் ஓடி ஒளிந்துகொள்ளுமாம். அதனால் ஆபரேஷனுக்கு முன்னாலும் நிற்க வைத்துத்தான் கோடு போடுவார்களாம். டெய்லர் அண்ணன் சாக்பீஸால் போடுவது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

வயிற்றில் மட்டுமே பல தினுசு இருக்கிறது. தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுப்பது பானிகுலெக்டமி. அழகு இரண்டாம்பட்சம், புண், அரிப்பு, நடக்க முடியாத கஷ்டம் போனால் போதும் என்கிற கேஸ். அடுத்தது அப்டாமினோபிளாஸ்டி, அதாவது சினிமாக்காரர்கள் சொல்கிற டம்மி டக். இதில் விலகிப்போன வயிற்றுத் தசைகளையும் இழுத்துத் தைக்கிறார்கள். இதில் தொப்புள் கதை சுவாரஸ்யம். தொப்புள் வேரோடு அதே இடத்தில்தான் இருக்கும். மேலே உள்ள தோலைக் கீழே இழுத்து, அதில் புதிதாக ஓட்டை போட்டு, தொப்புளை வெளியே எடுத்துச் சுற்றித் தைப்பார்கள். அசல் பட்டன் ஓட்டை!

இடுப்பைச் சுற்றிலும், முதுகுப்பக்கம் உட்பட, பெல்ட் மாதிரி ஒரு பட்டையை எடுப்பது இன்னொன்று. குறுக்கே மட்டுமல்லாமல் நெடுக்கேயும் தோல் மிஞ்சியிருந்தால் ஃப்ளூர்-டி-லீ என்று பிரெஞ்சுப் பெயரில் ஒன்று. அதில் நடு வயிற்றில் மேலிருந்து கீழாகவும் தழும்பு விழும். கைக்குச் செய்தால் அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கமாக ஒரு கோடு. தொடைக்கும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய மாட்டார்கள். தவணை முறைதான்.

"லைப்போசக்‌ஷன் பண்ணினா போதாதா டாக்டர்?" என்று கேட்டேன். அது கொழுப்பை உறிஞ்சும், தோலை எடுக்காது என்றார். சாக்கில் மிச்சமிருக்கிற ஒரு படி அரிசியையும் எடுத்துவிட்டால் சாக்கு இன்னும் நன்றாகத் தொங்கும். புரிந்தது.

நெஞ்சு விஷயத்தை ஆண்கள் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆபீஸில் உள்பனியன் மேல் இன்னொரு பனியன் போட்டு வருகிற நண்பர்கள் எனக்கு இரண்டு பேர் உண்டு, சித்திரை வெயிலிலும். இதற்கும் ஆபரேஷன் இருக்கிறது. உபரியை எடுத்து, காம்பை மேலே நகர்த்தி வைப்பார்கள். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மார்பகச் சீரமைப்புக்கு இலவச கிளினிக் திறந்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் கண்ணை உருட்டின. ஏழைகளுக்கு மட்டும் அழகுச் சிகிச்சை ஏன் கிடைக்கக் கூடாது என்று அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் திருப்பிக் கேட்டார். வரிப் பணத்தை இதற்கா செலவழிப்பது என்று அப்போது டீக்கடையில் சத்தம் போட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு பனியன் நண்பர்களைப் பார்த்தவன் என்கிற முறையில் என் ஓட்டு அமைச்சருக்கு.

இனி பி.காம். படித்தவன் பேச வேண்டிய இடம். வயிற்றுக்கு மட்டும் எனக்குச் சொன்ன தொகை இரண்டரை லட்சம். கீழே சின்ன எழுத்தில் ஜி.எஸ்.டி. தனி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வைத்தியத்துக்கு ஏது ஜி.எஸ்.டி.?

பிறகு சட்டத்தைப் படித்தேன். மருத்துவ சேவைக்கு வரி விலக்கு உண்டு, சரி. ஆனால் முடி நடுவதும், காஸ்மெடிக் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரியும் அந்த விலக்கில் சேராது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம், விபத்து இவற்றால் கெட்டுப்போன உடம்பைச் சீர்செய்தால் மட்டும் விலக்கு. ஆக, பைக்கில் விழுந்து கிழிந்த தோலைத் தைத்தால் வரி இல்லை. தினமும் நாலரை மணிக்கு எழுந்து நடந்து, அதனால் தொங்கிய தோலைத் தைத்தால் 18 சதவீதம். இரண்டரை லட்சத்துக்கு 45,000. பேசாமல் பைக்கில் விழுந்திருக்கலாம்.

சரி, இன்ஷூரன்ஸ்? ஏஜென்ட் என் கல்லூரித் தோழன்.

"மாப்ளே, நீ 124 கிலோவா இருந்தப்பவே வந்திருக்கணும்டா" என்றான்.

விஷயம் இதுதான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் எல்லா ஹெல்த் பாலிசிகளுக்கும் பொதுவாக விதிவிலக்கு வாசகங்களை வகுத்தது. அதன்படி பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்தால், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே கடும் வியாதிகளும் இருந்தால், டாக்டர் சொல்லும் பட்சத்தில் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு வழி இருக்கிறது. குறைத்து முடித்தவனுக்குத் தோலை எடுப்பது காஸ்மெடிக் கணக்கில் போய்விடும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு என்றால் தருவார்கள். அல்லது உடம்புக்கு நேரடியான, உடனடியான ஆபத்து என்று டாக்டர் எழுதித் தர வேண்டும்.

"மடிப்புக்குள்ள புண்ணு வருதுடா. சிவந்து, எரிஞ்சு, பௌடர் போட்டாலும் கேக்க மாட்டேங்குது" என்றேன்.

"ஆபத்துதான். 'உடனடி'ங்கிற வார்த்தைதான் இடிக்குது" என்றான். நல்ல பையன். டீக்கு அவனே காசு கொடுத்தான்.

இதைச் சிரித்துக்கொண்டே எழுதினாலும் அந்தப் புண் சிரிப்பு விஷயமில்லை. திண்டுக்கல் பக்கத்து மே மாசத்தை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தோலும் தோலும் ஒட்டுகிற இடத்தில் வியர்வை தேங்கி, பூஞ்சை பிடித்து, பஸ்ஸில் நிற்கும்போது பக்கத்து ஆள் மூக்கைச் சுளிக்கிறாரோ என்று நாம் தள்ளி நிற்போம்.

அதைவிட ஒன்று. திருச்செந்தூரில் சந்நிதிக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். தோளில் உட்கார்ந்திருந்த என் ஆறு வயசுப் பையன் இறங்கியதும் உற்றுப் பார்த்து, "அப்பா, உன் வயிறு ஏன் அழுற மாதிரி இருக்கு?" என்றான். முருகனிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இப்போது நினைவில்லை. இந்தக் கோடையில் அவனுக்குக் கிணற்றில் நீச்சல் பழக்க வேண்டியவன் நான். சித்தப்பா பழக்கினார். நான் சட்டையோடு மேட்டில் உட்கார்ந்து தலை துவட்டும் டிபார்ட்மெண்டைப் பார்த்துக்கொண்டேன்.

பயமும் இருக்கத்தான் செய்கிறது. 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட டி.வி. நடிகை சேத்தனா ராஜ், வயது 21, கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போன இடத்தில் உயிரை விட்டார். 2024-ல் சென்னைப் புறநகரில் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போன ஒரு இளைஞர் இறந்தார். இரண்டும் என்னுடைய கேஸ் மாதிரி தோலெடுக்கும் ஆபரேஷன் இல்லைதான். ஆனால் மயக்க மருந்து, ரத்த ஓட்டம், தீவிர சிகிச்சை வசதி எல்லாம் எல்லோருக்கும் பொது. அதனால் நான் டாக்டரிடம் முதலில் பார்த்தது போர்டில் பெயருக்குப் பின்னால் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி இருக்கிறதா என்று. இரண்டாவது, ஐ.சி.யூ. எந்த மாடி என்று.

அவரும் எதையும் மறைக்கவில்லை. ரத்தக்கட்டி காலில் உருவாகி நுரையீரலுக்குப் போகலாம். தைத்த இடத்தின் கீழ் நீர் கோக்கலாம். அதற்காகவே இரண்டு டியூப் வைப்பார்கள். தையல் பிரியலாம், சீழ் வைக்கலாம். இளைத்தவர்களுக்கு இரும்புச்சத்தும் புரதமும் குறைவாக இருந்தால் புண் ஆறாது. முதலில் அதை ஏற்ற வேண்டும். சிகரெட் உண்டென்றால் குறைந்தது நாலு வாரம் முன்னால் நிறுத்த வேண்டும். எடை ஆறு மாசமாவது ஒரே இடத்தில் நிற்க வேண்டும்; இன்னும் குறைந்தால் மறுபடி தொங்கும், ஏறினால் தைத்தது இழுக்கும். தழும்பு? "மங்கும். மறையாது. தோலைக் கொடுத்துத் தழும்பை வாங்கிக்கிறீங்க. சம்மதம்னா வாங்க" என்றார்.

கொடுக்கல் வாங்கல் பாஷையில் பேசினால் எனக்குப் புரிந்துவிடும். கை வேண்டாம் என்று முடிவு செய்தேன். அரைக்கைச் சட்டை அதைப் பார்த்துக்கொள்ளும், டாட்டா காட்டுவதைக் குறைத்துக்கொண்டால் போதும். நெஞ்சு பிறகு. வயிறு மட்டும். தழும்பு வேட்டிக் கட்டுக்குக் கீழே போய்விடும் என்று டாக்டர் கோடு போட்டே காட்டியிருக்கிறார்.

மாடியில் ஒரு ரூம் எடுக்க வைத்திருந்த பணம் அது. வீட்டில் சொல்ல இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். மனைவி முழுசாகக் கேட்டாள்.

"பாக்க நல்லா இருக்கணும்னா வேணாங்க. எனக்கு நீங்க இப்படியே போதும். அந்தப் புண்ணுக்குன்னா பண்ணிக்குங்க. ரூம் எங்கயும் ஓடிறாது."

"ரெண்டு லட்சத்துத் தொண்ணூத்தஞ்சாயிரம்."

"ஜி.எஸ்.டி.யோட சேத்துத்தானே?"

"சேத்துத்தான்."

எடை நாலு மாசமாக 78-லேயே நிற்கிறது. இன்னும் இரண்டு மாசம் நின்றால் மார்கழியில் தேதி. அப்புறம் கொஞ்ச நாள் கூனிக்கொண்டுதான் நடக்க வேண்டும், பல வாரம் இறுக்கமான பெல்ட், ஆறு வாரம் எந்த வெயிட்டும் தூக்கக் கூடாது என்று கடைசியாகச் சொன்னேன்.

அவள் அப்போதுதான் முதல் முறையாகக் கவலைப்பட்டாள். "அப்ப சிலிண்டரை யாரு தூக்கி வைக்கிறது?"

அன்று ராத்திரியே அவள் தம்பிக்குப் போன் போனது. மச்சான் மார்கழியில் லீவு போட்டுவிட்டு வருகிறாராம்.