பறியின் விளிம்பில் பல்தடம்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருளர் குடியிருப்பு ஒன்று. வேப்பமரத்தடியில் வெள்ளைத் துணி விரித்து, பனையோலைப் பறிக்கூடை ஒன்றை நடுவில் வைத்திருந்தார் ஓர் இளம்பெண். பக்கத்தில் அளவுகோல், நிற அட்டை, கேமரா, மடிக்கணினி. சென்னையில் ஒரு கலை அருங்காட்சியகத்தில் சேகரிப்பு ஆவணங்களுக்குப் பொறுப்பாளர் அவர். அவருடைய வேலையைக் கூட இருந்து பார்க்கத்தான் போயிருந்தேன்.

வந்து சேரும் பொருளுக்கு முதலில் ஒரு எண். வந்த ஆண்டு, அந்த ஆண்டின் எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள் என்று மூன்று பகுதி. கல், மரம் என்றால் பின்னால் கரைத்தெடுக்கக்கூடிய பிசினைப் பூசி அதன்மேல் எண்ணை எழுதுவார்கள். ஓலையில் பசை படக்கூடாது; பருத்தி நாடாவில் எழுதிக் கட்ட வேண்டும். புகைப்படக் கோப்புக்கும் அதே எண்தான் பெயர். தரம் குறையாத மூலப்படம் தனியாக, பார்வைக்குச் சிறிய படம் தனியாக. கோப்புகளுக்கு மூன்று பிரதிகள். அதில் ஒன்று வேறு கட்டடத்தில். "2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர் சார் நம்மளது" என்றார்.

நீளம், உயரம், மூலப்பொருள் எல்லாம் மளமளவென்று ஏறின. 'நிலை' என்ற கட்டத்தில், 'விளிம்பு நைந்து சேதமடைந்துள்ளது' என்று தட்டிவிட்டு, வாய்விட்டும் படித்தார். பறிக்குச் சொந்தக்கார அம்மா சிரித்துவிட்டார்.

"சேதம் இல்லம்மா, பல்லு பட்ட எடம் அது. ரெண்டு கையும் தண்ணிக்குள்ள எறாலத் தடவும். பறிய வேற எதால புடிக்கிறது?"

குனிந்து பார்த்தேன். விளிம்பின் ஒரே பக்கத்தில் ஓலை நசுங்கி, கறுத்து, வழவழத்திருந்தது. கழுத்தளவு தண்ணீரில் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு இறால் பிடித்த தடம். பொறுப்பாளர் 'சேதம்' என்பதை அழித்தார். 'பயன்பாடு' என்ற கட்டத்தில் அந்த அம்மா சொன்னதைச் சொன்னபடியே ஏற்றினார். சம்மதம் கேட்டு, பின்னியவர் பெயரையும் சேர்த்தார்.

பதிவேடு இந்த ஊருக்குப் புதிதில்லை. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, துணிகளைக் கப்பலேற்றினார்கள். அவர்களுடைய கம்பெனி ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சென்னை ஆவணக் காப்பகத்தில் உள்ளவையும் அதில் அடக்கம். துணியின் வகையும் விலையும் அந்தக் கணக்குகளில் கிடைக்கும். நெய்தவர் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

கணினிப் பதிவேட்டிலும் அதே குறை தொடரக்கூடாது. கைவினைப் பொருளை வாங்கும் அருங்காட்சியகங்கள் ஆவணப் பொறுப்பாளரையும் கரைக்கு அனுப்பட்டும்; அந்தப் பயணத்துக்கும் பணம் ஒதுக்கட்டும். மென்பொருளை அடுத்த ஆண்டுகூட மாற்றிக்கொள்ளலாம். பறி பின்னியவரிடம் கேட்க வேண்டியதை அவர் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.